காத்திருப்பு அறையில் நான் போட்ட சட்டம்

முதலில் ஒரு விஷயம். யாராவது பகலில் படுத்துக் கிடந்து, வழக்கத்தை விடப் பெரிதாக, தொண்டைக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரிக் குறட்டை விட்டால், "பாவம், நல்ல நித்திரை" என்று கதவைச் சாத்திவிட்டுப் போகாதீர்கள். தட்டி எழுப்புங்கள். எழும்பாவிட்டால் அவசர நம்பர் 112க்கு அடியுங்கள். இந்த ஒன்றைச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன். எழுத எழுத மற்றதும் வந்துவிட்டது.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும். ஊர் டென்மார்க்கில் வைலே என்று வைத்துக்கொள்ளுங்கள். கோல்டிங் என்றாலும் ரண்டர்ஸ் என்றாலும் கதை மாறாது. எல்லா ஊரிலும் எங்கள் சனம் ஒரே மாதிரித்தான் மருந்து எடுக்கிறது. ஆஸ்பத்திரியின் பெயரையும் விட்டுவிட்டேன். அங்கே வேலை செய்தவர்கள் மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை.

என் மனைவி வதனிக்கு நாரி நோ, அதுதான் இடுப்புவலி. இறைச்சித் தொழிற்சாலையில், குளிர் அறையில் நின்றபடி பொதி செய்கிற வேலை. வெள்ளிக்கிழமை வீட்டில் மச்சம் மாமிசம் மணக்கவே கூடாது என்பவள், அதே வெள்ளிக்கிழமை பகல் முழுக்கப் பன்றியிறைச்சி அடுக்கிவிட்டு வந்து, தலையில் வார்த்து, விளக்கேற்றுவாள். நோ முதலில் நாரியில் இருந்தது. பிறகு வலது தோளுக்கும் ஏறியது. குடும்ப வைத்தியரிடம் போனால் நட, நீந்து, சாதாரண நோ மாத்திரையான பனடோலைப் போடு என்பார். மூன்று முறை போய் மூன்று முறையும் அதே பனடோலோடு திரும்பி வந்தாள். "இந்த நோவோட இருக்கிறதுக்குச் செத்துப் போகலாம்" என்று காலையில் கட்டிலை விட்டு எழும்பும்போது சொல்வாள். நம் பெண்கள் சொல்கிற சாதாரணப் பேச்சுத்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எங்கள் சனத்தில் ஒரு வீட்டு மருந்து ஊர் மருந்து. ஒருவருக்கு ஒப்பரேஷன் நடந்து, கொடுத்த குளிசையில் பாதி மிஞ்சினால், அதை மருந்துக்கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்த ஒரு தமிழரை நான் கண்டதில்லை. "நல்ல வலுவான சாமான்" என்று அது அலமாரியில் ஏறும். பிறகு கோயிலிலோ பிறந்தநாள் விழாவிலோ யாராவது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றால் கைப்பையில் இருந்து இறங்கும். வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு போடுவது போலத்தான் அதுவும். சட்டத்தில் அதற்குப் பெயர் போதைப்பொருள் கொடுத்தது என்று எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை.

சுகந்தி எங்கள் வீட்டில் இருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அவளுடைய கணவன் குமார் என் நண்பன், புற்றுநோயில் போய்விட்டான். அவனைக் கட்டி இந்த நாட்டுக்கு வந்தவள். வந்த நாள் தொட்டு வேலை, பிறகு அவனுடைய வருத்தம், டெனிஷ் படிக்க நேரம் கிடைக்கவில்லை. அவன் போன பிறகுதான் மொழிச் சோதினை எழுதினாள். பிறகு குடியுரிமைச் சோதினையும் எழுதிப் பாஸாகி, விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். சோதினைக்குப் படித்த அந்தப் புத்தகம் பாஸான பிறகும் அவள் கைப்பையிலேயே கிடந்தது. "கூப்பிட்டு ஏதும் கேட்டால்?" என்பாள். இந்த நாட்டின் அரசியலமைப்பு எந்த ஆண்டு வந்தது என்று அவளைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வாள். எனக்கு முப்பது வருடமாகியும் தெரியாது.

ஏன் இவ்வளவு பாடு என்று ஒருமுறை கேட்டேன். "அவரைக் கரைச்ச கடல் இஞ்சதான் அண்ணை. என்னைப் போகச் சொல்ல ஒருத்தருக்கும் உரிமை இருக்கக் கூடாது" என்றாள். ஒரு தண்டம் விழுந்தால் விண்ணப்பம் வருடக்கணக்கில் தள்ளிப்போகும் என்ற பயம் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் உண்டு. அவளுக்கு அது ஒரு படி கூட. வேகமாக ஓடித் தண்டம் வாங்கிவிடுவேனோ என்று பயந்து குமாரின் காரையே விற்றுவிட்டு, மழையிலும் சைக்கிளில் வேலைக்குப் போனாள்.

என்னைப் பற்றியும் ஒரு வரி. என் வாயில் பொய் வராது. இதை நல்ல குணமென்று சொல்லவில்லை, வதனியைக் கேட்டால் இது ஒரு வருத்தம், மருந்தில்லாத நோய் என்பாள். பிள்ளை பெரியவளான ஒரு சாமத்திய வீட்டில் "சாப்பாடு எப்பிடி அண்ணை?" என்று கேட்டவரிடம் "சோறு அவியேல்லை" என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டோடு மறுபடி முகம் கொடுத்துக் கதைக்க வதனிக்கு ஒரு வருடம் பிடித்தது.

அன்று சனிக்கிழமை. எனக்குப் பொருட்களஞ்சியத்தில் பகல் வேலை. மத்தியானத்துக்குப் பிறகு சுகந்தி எங்கள் வீட்டில் இருந்து எனக்குப் போன் எடுத்தாள். "அண்ணை, ஒருக்கா வீட்டை வந்திட்டுப் போறீங்களே? அக்கா நித்திரை. எழுப்ப எழும்புறா இல்லை." வதனியைத்தான் அவள் அக்கா என்பாள். குரல் சரியில்லை. "112க்கு அடியும்" என்றேன். "இல்லை அண்ணை, நீங்கள் வாங்கோ. மூச்சு வருது. குறட்டையும் விடுறா."

குறட்டை என்றதும் எனக்கு மனம் ஆறிவிட்டது. அதுதான் பிழை. காரை மெதுவாகக்கூட ஓட்டினேன்.

வீடு முழுக்க நல்லெண்ணெயும் வறுத்த உப்பும் மணத்தது. வதனி சனி முழுக்கு முழுகி, ஈரத் தலையோடு கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள். பக்கத்தில் சுடுநீர்ப் பை, துணியில் கட்டின உப்பு ஒத்தடம். உதடு நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். ஒரு குறட்டை வந்தது. அடுத்த குறட்டை வருவதற்குள் நான் அவள் பெயரைப் பல தடவை சொல்லிவிட்டேன். 112க்கு நான்தான் அடித்தேன். மறுமுனையில் இருந்த பெண் போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, மூச்சு வரும் ஒவ்வொரு முறையும் "இப்ப" என்று சொல்லச் சொன்னாள். நான் "இப்ப" என்று டெனிஷில் சொல்லிவிட்டு அடுத்த "இப்ப"வுக்காகக் காத்திருந்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான காத்திருப்பு இல்லை. சுகந்தி சுவரோடு சாய்ந்து நின்றாள். அவள் கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

அம்புலன்ஸில் வந்த பையன் வதனியின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தான். கருமணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. உடனே ஒரு மருந்தை ஏற்றினான். நலொக்சோன் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அபின் வகை மருந்துகள் மூளையில் போய்க் குந்திக்கொண்டு மூச்சு விட மறக்கச் செய்யுமாம். நலொக்சோன் போய் அவற்றை எழுப்பித் துரத்திவிட்டு அந்த இடத்தில் தான் குந்துமாம். வதனி திடுக்கிட்டுக் கண் விழித்தாள். சத்தி எடுத்தாள், வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. என்னைப் பார்த்து, "அடுப்பை நிப்பாட்டினீங்களே?" என்றாள். நான் அழுதுவிட்டேன். ஆள் தப்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் மறுபடி அமிழ்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது. ஏற்றினால் எழும்புவாள், கொஞ்ச நேரத்தில் கண் செருகும், மூச்சு குறையும், இயந்திரம் கத்தும், மறுபடி ஏற்றுவார்கள். நலொக்சோன் கொஞ்ச நேரம்தான் நிற்கும் என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். உடம்பில் இருக்கிற மருந்து அதைவிட நீண்ட நேரம் நின்றால், துரத்தினவன் களைத்துப்போவான், துரத்தப்பட்டவன் திரும்பி வந்து குந்துவான். அதனால் அதைச் சேலைனோடு சேர்த்து விடாமல் ஏற்றத் தொடங்கினார்கள். அப்படியும் அவள் நிலை ஒரு சீராக இல்லை. உள்ளே எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது, எங்கிருந்து என்றுதான் தெரியவில்லை என்றார்.

"என்ன மருந்து எடுத்தவ?" என்று கேட்டார்கள். பனடோல் என்றேன். வேறு? இல்லை. சிறுநீர்ச் சோதனையில் ஒன்றும் அகப்படவில்லை. அப்படியென்றால் மூளைக்குள் இரத்தம் கசிந்தாலும் கருமணி இப்படிச் சுருங்கும் என்று சி.ரி. ஸ்கானுக்குக் கொண்டுபோனார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று கேட்டு இவ்வளவு பயந்தது எனக்கு அதுதான் முதல் தடவை. ஒரு தாதி அவள் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். தோளைச் சுற்றி மூன்று பழுப்பு பிளாஸ்டர்கள். "இது என்ன?" "மூலிகைப் பிளாஸ்டர். கொழும்பில இருந்து வந்தது. கற்பூரம்தான்." ஒன்றை உரித்து மணந்து பார்த்தாள். கற்பூரம்தான். மற்ற இரண்டையும் அப்படியே விட்டாள்.

பிறகு வைத்தியர் என்னைத் தனியே ஒரு சிறிய அறைக்குக் கூட்டிப்போனார். இளம் பெண், என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். மேசையில் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. அதைக் கண்டதுமே, அழ வைக்கிற கதைக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று விளங்கியது. "உங்கள் மனைவி அண்மையில் மனம் சோர்ந்து இருந்தாவா? சாக வேண்டும் என்று எப்போதாவது சொன்னாவா?"

பொய் வராத வாய். "ஓம். இன்றைக்குக் காலமையும் சொன்னவ" என்றேன்.

அவர் முகம் மாறியது. நான் விளங்கப்படுத்தப் பார்த்தேன். அது எங்கள் பேச்சு வழக்கம், பஸ் தவறினாலும் சாகலாம் என்போம், கறிக்கு உப்புக் கூடினாலும் சாகலாம் என்போம் என்று. டெனிஷில் சொல்லும்போது எல்லாம் சாக்குப்போக்குப் போலவே வந்தது. சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் பிடித்தது. காலையில் அவள் அதைச் சொன்னபோது நான் அவள் முகத்தைப் பார்த்தேனா? இல்லை, சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை வருடமாகச் சொல்கிறாள், ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்தேனா? அந்த அறையை விட்டு வெளியே வரும்போது என் மனைவி சாகத்தான் விரும்பினாள் என்று முக்கால்வாசி நம்பிவிட்டேன். மூச்சு நிற்பதைவிட அதுதான் என்னைக் கொன்றது.

காத்திருப்பு அறையில் சுகந்தி இருந்தாள். வீட்டுக்குப் போகவே இல்லை. எங்கிருந்தோ தேத்தண்ணி கொண்டுவந்து என் கையில் வைத்தாள். தான் குடிக்கவில்லை. கோட்டைக் கழற்றவில்லை. அந்த அறை ஹீட்டரில் வெந்துகொண்டிருந்தது. "பொலிஸ் ஏதும் வருமோ அண்ணை?" என்று கேட்டாள். "ஏன் வருது?" என்றேன். "சும்மா கேட்டனான்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதையே கேட்டாள். என் மூளை வேலை செய்யவில்லை. அவள் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு பக்கமும் திருப்பவில்லை.

மகள் அனுஷா ஓர்ஹுஸில் படிக்கிறாள். அவள் ரயில் பிடித்து ஞாயிறு காலை வந்தாள். எனக்கு ஒரு சோடி காலுறையும் தடித்த செருப்பும் கொண்டுவந்திருந்தாள். நான் வேலைச் சப்பாத்தோடேயே இருப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தாயின் கட்டிலருகே போய் அவள் தலையில் எண்ணெயோடு சிக்குப் பிடித்திருந்த மயிரை விரலால் கோதிக் கோதிப் பின்னிவிட்டாள். பின்னி முடித்த பிறகுதான் அழுதாள்.

அன்று மத்தியானம் வதனிக்குக் காய்ச்சல் ஏறியது. சத்தி எடுத்தபோது கொஞ்சம் சுவாசப்பைக்குள் போயிருக்கிறது, நியுமோனியா என்றார்கள். இப்படியே மூச்சு குறைந்தால் தொண்டையில் குழாய் விட்டு இயந்திரத்தில் போடவேண்டி வரும். காய்ச்சலோடு, எது உள்ளே இருக்கிறது என்று தெரியாமல் அதைச் செய்ய அவர்களுக்கு விருப்பமில்லை. வைத்தியர் கதவடியில் நின்று கடைசி முறையாகக் கேட்பது போலக் கேட்டார்: "சாதாரணச் சோதனையில் பிடிபடாத சில வலுவான மருந்துகள் இருக்கின்றன. புற்றுநோய்க்காரருக்குக் கொடுப்பது. உங்கள் வீட்டில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா?"

"இல்லை" என்றேன். அது உண்மை. எங்கள் வீட்டில் இல்லை.

சொல்லிவிட்டுத் திரும்பினேன். எனக்குப் பின்னால் கதிரையில் இருந்த சுகந்தி எழும்பிக் கோப்பி மெஷின் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். வெந்துபோன அறையில் இருந்து கோட்டோடு போகிற அவளுடைய முதுகைப் பார்த்தேன். குமாரின் கடைசி மாதங்கள் என் கண்ணுக்குள் வந்தன. அவன் சட்டையைக் கழற்றும்போது நெஞ்சிலும் முதுகிலும் ஒட்டியிருந்த கண்ணாடி மாதிரியான சின்னச் சின்ன பிளாஸ்டர்கள். நோவுக்கு என்று சொல்லியிருந்தான்.

முதலில் தாதியிடம் போனேன். "ஒருவர் தன்னுடைய மருந்தை இன்னொருவருக்குக் கொடுத்திருந்து, அதை இப்போது வந்து சொன்னால், பொலிஸ் வருமா?" அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். "இங்கே கேட்பதை நாங்கள் வெளியே சொல்வதில்லை. அது எங்கள் கடமை. நாங்கள் பொலிசைக் கூப்பிடுவதற்காகக் கேட்கவில்லை." "பொலிஸ் ஒன்றும் செய்யாது என்று உறுதி தருவீர்களா?" "அதை நான் தர முடியாது. பொலிசுக்காக நான் பேச முடியாது." நல்ல பெண். அவளுக்கும் பொய் வராது போல.

கோப்பி மெஷினடியில் சுகந்தி நின்றாள். கோப்பி எடுக்கவில்லை. சத்தம் போட்டால் போய்விடுவாள் என்று தெரிந்தது. கெஞ்சினால் அழுவாள், சொல்லமாட்டாள். கையைப் பிடித்துக் கேட்கவும் முறையில்லை, நண்பனின் மனைவி. ரொறன்ரோவில் பஸ் ஓட்டுகிற என் தம்பி எப்போதோ சொன்ன ஒரு விஷயம் அந்த நேரம் எங்கிருந்தோ வந்தது. போதைமருந்து கூடிப்போனவனுக்காக அவசர நம்பருக்கு அடிப்பவனைப் பிடிக்கக் கூடாது என்று அங்கே ஒரு சட்டம் இருக்கிறதாம், பஸ்ஸிலும் விளம்பரம் ஒட்டியிருந்ததாம்.

"சுகந்தி, இந்த நாட்டில ஒரு சட்டம் இருக்கு" என்றேன்.

அவள் திரும்பினாள்.

"மருந்து கூடிப்போன ஆளைக் காப்பாத்த ஆரும் வந்து உண்மையைச் சொன்னால், அவைக்கு மேல வழக்குப் போடேலாது. பொலிஸ் ஒண்டும் கேக்கேலாது. குடியுரிமைக்கும் ஒண்டும் செய்யாது. நேர்ஸ் இப்பதான் சொன்னவ."

"எந்தச் சட்டம் அண்ணை?"

"பேர் தெரியாது. இருக்கு."

"எப்ப வந்தது?"

"புதுசு."

என் காது இரண்டும் சுட்டது. நான் நிலத்தைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டு சொன்னேன். அவளும் என் முகத்தைப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். பிறகு, "அப்பிடியோ அண்ணை" என்றாள்.

கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு நேரே தாதியிடம் போனாள். சோதினைக்குப் பேசிப் பழகின டெனிஷில், ஒவ்வொரு சொல்லாக, இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னாள்: நான் கொடுத்தேன். இரண்டு. என் கணவருடையது. பைக்குள் இருந்து சுருட்டிய கடதாசியை எடுத்தாள். அதற்குள் மடிந்துபோய் ஒரு கண்ணாடிப் பிளாஸ்டர். "இது நாரியில் இருந்தது. எழும்பவில்லை என்றதும் நான் உரித்துவிட்டேன். மற்றது தோளில் இருக்கிறது. எண்ணெய்த் தோலில் ஒட்டவில்லை. அதனால் மேலே மூலிகைப் பிளாஸ்டர் போட்டு அமத்தினேன்."

தாதி ஓடினாள். இரண்டாவது பழுப்பு பிளாஸ்டரை உரித்தபோது அதனடியில் அது இருந்தது. தபால்தலை அளவு.

பென்ரனைல் என்று அந்த மருந்துக்குப் பெயர். தோல் வழியாக மெல்ல மெல்ல உள்ளே போகிற மாதிரிச் செய்தது. அந்தப் பிளாஸ்டருக்கு மேல் சூடு படவே கூடாதாம். சூடு பட்டால் நாட்கணக்கில் போக வேண்டியது மளமளவென்று இறங்கிவிடுமாம். நாங்கள் என்ன செய்தோம்? ஒட்டிவிட்டு, சுடுதண்ணீரில் முழுகி, உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்து, அது போதாதென்று சுடுநீர்ப் பையையும் வைத்துப் படுக்க வைத்தோம். நாரிப்பிடிப்புக்கு எங்கள் வீடுகளில் செய்கிற அத்தனை நல்ல காரியத்தையும் அதன் மேல் செய்திருக்கிறோம். உரித்த பிறகும் தோலுக்கடியில் தேங்கி நிற்பது அடுத்த நாள் வரை ஊறிக்கொண்டே இருக்கும் என்றார் வைத்தியர். ஆனால் இப்போது எவ்வளவு நேரம் துரத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்தது. குழாய் போடவில்லை.

சுகந்தி இதைக் கெடுதலாக மறைக்கவில்லை என்று எழுதத்தான் வேண்டும். "அவர் மூண்டு போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தவர் அண்ணை. ரெண்டு என்ன செய்யும் எண்டு நினைச்சன்" என்று அன்று அழுதாள். குமாரின் உடம்பு மாதக்கணக்கில் பழகினது. வதனியின் உடம்புக்குப் பனடோலைத் தவிர ஒன்றும் தெரியாது. இந்த வித்தியாசத்தை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கும்தான்.

வதனி மெல்ல மெல்ல வந்தாள். முதல்முறையாகத் தெளிவாகக் கண் விழித்த நாள், நான் கேட்காமல் இருக்க முடியவில்லை. "சாகத்தான் நினைச்சனீரோ?" என்றேன். அவள் என்னை விசரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "நாரி நோ மாறத்தானே ஒட்டினது. செத்தால் உங்களுக்கு ஆர் சமைக்கிறது?" என்றாள். கட்டில் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டு நான் கிடந்தேன். அவள் என் தலையைத் தடவவில்லை, "எழும்புங்கோ, சேலைன் வயர்" என்றாள்.

பிறகு வார்ட்டில் கிடந்த நாட்கள். நியுமோனியா விட நாள் எடுத்தது. இந்த நாட்டில் ஆஸ்பத்திரிப் பில் வராது. வந்ததெல்லாம் எங்கள் சனத்தின் சாப்பாட்டுப் பொதிகள்தான். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் வார்ட் முழுக்க மணத்தது. வந்தவர்கள் எல்லோரும் "என்ன வருத்தம்?" என்று கேட்டார்கள். நான் "மூச்சு" என்றேன். மூச்சுத்தானே, பொய் இல்லை. ஆனால் கதவு தட்டும் ஒவ்வொரு சத்தத்துக்கும் பொலிஸ்தான் என்று திரும்பிப் பார்த்தேன். சீருடையில் யாராவது தாழ்வாரத்தில் நடந்தால் எழும்பி நின்றுவிடுவேன். அது பெரும்பாலும் துப்புரவுக்காரர்.

அனுஷாவிடம் கேட்டேன். அப்படி ஒரு சட்டம் இங்கே இருக்கிறதா என்று பார்த்துச் சொல். என் மனதில் ஒரு மூலையில், நான் சொன்ன பொய் தற்செயலாக உண்மையாகிவிடாதா என்று ஓர் ஆசை இருந்தது. அவள் போனில் கனநேரம் தேடிவிட்டு டெனிஷில் பதில் சொன்னாள். கனடாவில் இருக்கிறது அப்பா, அதுவும் கையில் வைத்திருந்த குற்றத்துக்குத்தான், இன்னொருவருக்குக் கொடுத்த குற்றத்துக்கு இல்லை. இங்கே அப்படி ஒன்றையும் நான் காணவில்லை. உயிராபத்தில் இருப்பவருக்கு உதவாமல் விட்டால் குற்றம் என்று மட்டும் இருக்கிறது.

அதை நினைத்து நினைத்து எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் வருகிறது. உதவாவிட்டால் குற்றம், உதவி செய்து உண்மையைச் சொன்னால் உனக்கு ஒன்றும் வராது என்று சொல்ல ஆளில்லை. தாதி வாயை மூடுவாள், வைத்தியர் மூடுவார், பொலிஸும் கண்டுகொள்ளாமல் விடலாம். விடலாம், விடாமலும் போகலாம். அந்தத் தாதியின் கையில் காட்ட ஒரு வரிச் சட்டம் இருந்திருந்தால் சுகந்தி சனிக்கிழமையே கோட்டைக் கழற்றியிருப்பாள். வதனிக்கு இப்போதும் சில சொற்கள் வாய்க்கு வர நேரமாகிறது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயரைத் தேடுவாள். அந்த ஒரு நாளின் விலையாக இருக்கலாம், வைத்தியர்களுக்கும் நிச்சயமில்லை.

வதனி வீட்டுக்கு வந்து, ஓரளவு நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள் பின்னேரம் சுகந்தி வீட்டுக்குப் போனேன். அவள் வெண்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மேசையில் அந்தப் புத்தகம். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னாள், நான் இருக்கவில்லை. "சுகந்தி, நான் உமக்கு ஒரு பொய் சொல்லிப்போட்டன். அண்டைக்குச் சொன்ன சட்டம், அது இந்த நாட்டில இல்லை. நானாப் போட்டது" என்றேன். பொலிஸ் இனியும் வரலாம் என்றேன். விண்ணப்பத்துக்கு ஏதும் நடந்தால் அதற்கு நான்தான் காரணம் என்றேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவள் வெண்காயத்தை உரித்து முடித்தாள்.

"தெரியும் அண்ணை" என்றாள். "சோதினைக்குப் படிச்ச எனக்குத் தெரியாதே? அப்பிடி ஒரு சட்டம் இருந்திருந்தால் அக்கா விழுந்த உடன நானே 112க்கு அடிச்சிருப்பன்."

"அப்ப ஏன் போய்ச் சொன்னனீர்?"

"நீங்கள் சோறு அவியேல்லை எண்டு சபையில சொன்ன மனுசன். நீங்கள் என்ர முகத்தைப் பாத்துப் பொய் சொன்ன உடன எனக்கு விளங்கிட்டுது, அக்கா சாகப் போறா எண்டு."

இதை எழுதும்வரை பொலிஸ் வரவில்லை. அவளுடைய விண்ணப்பத்துக்குப் பதிலும் வரவில்லை.